துடைத்த புள்ளி

அத்தியாயம் 9

தங்கச்சாமியின் வலது கை கட்டிங் மெஷினுக்கு இந்தப் பக்கம் கிடந்தது. தங்கச்சாமி அந்தப் பக்கம் கிடந்தார்.

பெனிட்டோ ஒருமுறைதான் பார்த்தான். அதன் பிறகு சுவரில் தொங்கிய முருகன் காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலையில் சாப்பிட்ட நாலு இட்லியும் தொண்டைக்குழி வரை வந்து, மேலே போவதா கீழே போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

"ஆக்ஸிடென்ட்தாம்மா," என்றார் இன்ஸ்பெக்டர் செல்லச்சாமி. "முதலாளியே விடியக்காலையில தனியாளா நின்னு பேப்பர் வெட்டியிருக்காரு. கை உள்ள போயிருச்சு. மயங்கி விழுந்ததுல மண்டையில அடி. அச்சாபீஸ் ஊருல இதெல்லாம் புதுசா?"

அருணாதேவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மெஷினைச் சுற்றி வந்தாள். பன்னிரண்டு வருஷம் சிவகாசிக் காலண்டர் அச்சகம் ஒன்றில் பிழை திருத்திய கண் அவளுடையது. அந்த வேலையை விட்டபிறகு, தீப்பெட்டி லேபிளையும் வெடிப்பெட்டி லேபிளையும் போலியாக அடிக்கிறவர்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பதே அவளுக்குத் தொழில். பெனிட்டோ அவளுடைய உதவியாள், டிரைவர், வாய்.

"சார், இந்த பிளேடு எப்படி இறங்கும்?"

"பட்டனை அமுக்குனா இறங்கும்."

"எத்தனை பட்டன்?"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். மேசையின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. இரண்டு கையையும் அகல விரித்தால்தான் எட்டும்.

"ரெண்டையும் சேர்த்து அமுக்கணும். ஒரு கையை எடுத்தாலும் பிளேடு நின்னுரும்," என்றாள் அருணாதேவி. "வேலை பாக்குறவன் கை உள்ள போயிரக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்கான்."

பெனிட்டோ காலண்டரைப் பார்த்தபடியே சொன்னான். "முருகனுக்குப் பன்னெண்டு கை. அவரு வெட்டியிருந்தா ஆக்ஸிடென்ட்னு எழுதலாம் சார். அண்ணாச்சிக்கு ரெண்டுதான்."

"ஏலே, பொணத்தை வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சாலே இது?"

"பயத்துல வருது சார். சாப்பாட்டை விட இது பரவாயில்லையேன்னு விட்டுட்டேன்."

அருணாதேவி தங்கச்சாமியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நெற்றிப்பொட்டில் வளையம்போல ஒரு காயம். சுற்றிலும் எலும்பு உள்வாங்கியிருந்தது, நடுவில் மட்டும் தோல் முழுசாக இருந்தது. அடித்த பொருளின் அடியில் ஒரு குழி இருந்திருக்க வேண்டும். அந்த நடுத்தோலில் வெள்ளையாகக் கொஞ்சம் கொழுப்பு அப்பியிருந்தது. அவள் அதைக் காகிதத்தில் வழித்தெடுத்து விரலால் தேய்த்தாள். நறநறவென்றது.

"மெஷின் கிரீஸா?" என்றான் பெனிட்டோ.

"மெஷின் கிரீஸ் கருப்பா இருக்கும். இது வெள்ளை. உள்ள மணல் இருக்கு, கிளிஞ்சல் தூளும் இருக்கு." அவள் நிமிர்ந்தாள். "சிவகாசியில கிளிஞ்சல் எங்கன இருந்துலே வந்துச்சு?"

பெனிட்டோ காலண்டரை விட்டுத் திரும்பி அந்தக் காகிதத்தைப் பார்த்தான்.

*

பத்து நாளைக்கு முன்பு தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் விருதுநகர் மிளகாய் வத்தலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குக் கிளம்பிய தோணி ஒன்று, கரையை விட்ட இரண்டாவது மணி நேரத்தில் பாறையில் மோதிப் பிளந்தது. ஏழு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. தேடப் போனவர்கள் ஒரு மைல் தூரத்துக்குக் கடல் சிவப்பாகக் கிடந்ததைப் பார்த்து அலறியிருக்கிறார்கள். கிட்டே போன பிறகுதான் வத்தல் என்று தெரிந்ததாம்.

தோணித் தலைவனின் தகரப் பெட்டியில் கடல் வரைபடம் ஒன்று இருந்தது. அதில் அந்தப் பாறை இல்லை. வரைபடமே போலி.

கடலின் ஆழத்தை அளந்து, கப்பல்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது தேசியக் கடல் அளவை ஆணையத்தின் வேலை. அங்கிருந்துதான் அளவை அதிகாரி அன்பரசன் போலி வரைபடத்தோடு அருணாதேவியைத் தேடி வந்தார். ஆணையத்தின் உத்தரவு, விசாரணை முடியும்வரை அவர் விருதுநகர் சூலக்கரையில் தங்குவார், தினமும் அவருக்கு நிலவரம் சொல்ல வேண்டும். வந்த முதல் நாளே தோல்பையிலிருந்து கயிறு கட்டிய ஈயக்குண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். முழங்கை நீளம், தூக்கினால் கை இறங்கும்.

"எங்க தொழிலுக்கு இதுதான் ஆதி," என்றார். "மெஷின் வர்றதுக்கு முன்னால இதைக் கடல்ல விட்டுத்தான் ஆழம் பார்ப்போம். இன்னமும் கையோட வச்சிருக்கேன்."

பிறகு வரைபடத்தின் பழக்கம் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். புதிதாகப் பாறையோ முழுகிய கப்பலோ தெரிந்தால் ஆணையம் எண் போட்டு ஓர் அறிவிப்பு வெளியிடும். உடனே ஒவ்வொரு கப்பலிலும் வரைபடத்தை விரித்து, ஊதா மையால் அந்த இடத்தில் கையாலேயே குறி போட வேண்டும். போட்டதற்கு அடையாளமாக இடது கீழ் மூலையில் அறிவிப்பு எண்ணையும் எழுத வேண்டும். தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே இருந்த அந்தப் பாறை இந்த வருஷ அளவையில்தான் அகப்பட்டது. அறிவிப்பு எண் 41.

போலியின் மூலையில் 41 இருந்தது. அதன் கடலில் பாறைக் குறி இல்லை.

தாளின் அளவையும் வெட்டிய விதத்தையும் வைத்து, அது தங்கச்சாமியின் அச்சகத்தில் அடித்தது என்று அருணாதேவி நேற்றுச் சாயங்காலம் கண்டுபிடித்தாள். அன்பரசனிடம் சொன்னாள். இன்று காலை தங்கச்சாமி இரண்டு துண்டு.

"நம்ம வாய் ராசி அப்படி யக்கா," என்றான் பெனிட்டோ.

*

பிணத்தை எடுத்துப் போன பிறகு அருணாதேவி போலி வரைபடத்தை மேசையில் விரித்தாள். பாறை இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்கன பாரு. நீலம் ஒரே சீரா இருக்கு. ஒட்டுப்போட்ட தடம்கூட இல்லை. யாரோ கையால மை போட்ட ஒரு வரைபடத்தை ஸ்கேன் பண்ணியிருக்காக. அதுல ஊதாவா ஒரு சின்னச் சிலுவை, சுத்திப் புள்ளி வச்ச வட்டம், அதுதான் பாறைக் குறி. நம்ம ஆளு அதை மைத்தெறிப்புன்னு நினைச்சுத் துடைச்சுட்டான்."

"மூலையில இருந்த நம்பரை ஏன் விட்டான்?"

"அது எழுத்து மாதிரி இருந்துச்சு. எழுத்துல கை வைக்க மாட்டான். சாமி கன்னத்துல தூசி விழுந்தா எடுக்கிறவன், அம்புட்டுத்தான். இவன் திருடன் இல்லலே. சுத்தக்காரன்."

பெனிட்டோ ஒரு நொடி யோசித்தான். பிறகு தொடையில் தட்டினான். "பாலகுரு."

சிவகாசியில் கம்ப்யூட்டரில் படம் சுத்தம் செய்கிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேரிலும் பாலகுரு தனி. மகாலட்சுமியின் மூக்கில் ஒரு புள்ளி தங்க விடமாட்டான். ஒரு தலைவரின் பிறந்தநாள் காலண்டரில் அவர் தாடையில் இருந்த மருவையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டான். ஐயாயிரம் காலண்டர் போன பிறகு, கட்சிக்காரர்கள் வந்து பாலகுருவின் தாடையில் புதிதாக இரண்டு மரு வைத்துவிட்டுப் போனார்கள்.

"தங்கச்சாமிகிட்டத்தான் வேலை பாத்தான். தோணி முழுகுனதுல இருந்து ஆளைக் காணோம்னு சொல்லுதாக," என்றாள் அருணாதேவி. "ஒளிஞ்சிருப்பான். எங்கன?"

"விஸ்வநத்தம்." பெனிட்டோவின் வீடும் அங்கேதான். "அவன் பொண்டாட்டி பாண்டிலட்சுமி வெடி கம்பெனியில வேலை. கம்பெனியைப் பூட்டி பதினஞ்சு நாளாச்சு. ஆனா அந்தக்கா தினம் ரெண்டு அடுக்குத் தூக்குச்சட்டியோட அங்கன கிழக்கே கடைசி ஷெட்டுக்குத்தான் போகுது. பூட்டுக்கா யக்கா சோறு ஊட்டுது?"

அருணாதேவி அபூர்வமாகச் சிரித்தாள். "பரவாயில்லையே. உனக்கும் மூளை இருக்குன்னு சம்பளம் குடுத்தது வீணாகலை."

அந்தப் புகழ்ச்சியில்தான் பெனிட்டோ கெட்டான். அவள் பக்கத்து அறைக்குள் போய் ஒவ்வொரு அச்சு வேலைக்கும் தங்கச்சாமி எழுதி ஆணியில் தொங்கவிட்ட ஜாப் கார்டுகளைப் புரட்டத் தொடங்கியதும், அவன் வாசலுக்கு வந்து அன்பரசனுக்குப் போன் போட்டான். பாலகுரு, விஸ்வநத்தம், பூட்டிய கம்பெனி, கிழக்கே கடைசி ஷெட்டு. ஒன்றுவிடாமல் சொன்னான்.

"நல்ல வேலை தம்பி," என்றார் அன்பரசன். "நான் சூலக்கரையில இருக்கேன். நீங்க பதறாம வாங்க."

கால் மணி நேரம் கழித்து அருணாதேவி ஒரு ஜாப் கார்டோடு வெளியே வந்தாள்.

"பெனிட்டோ. நாற்பத்தியோராம் நம்பர் அறிவிப்பு என்னைக்கு வெளியாச்சு?"

"பிப்ரவரி இருபத்தாறு. அன்பரசன் சார் குடுத்த ஃபைல்லயே இருக்கே."

"இந்தப் போலியை அச்சடிக்கப் பிளேட் எடுத்த தேதி பிப்ரவரி ஒன்பது."

அவன் ஜாப் கார்டைப் பார்த்தான். தங்கச்சாமியின் கோழிக்கால் எழுத்து. ஒன்பதேதான்.

"அறிவிப்பு வர்றதுக்குப் பதினேழு நாள் முன்னாலேயே அந்த நம்பரை ஒருத்தன் மூலையில எழுதியிருக்கான்," என்றாள் அவள். "ஊருக்குச் சொல்றதுக்கு முன்னால எந்தக் கப்பல்காரனுக்கு அது தெரியும்? பாறையை அளந்து கண்டுபிடிச்சவனுக்குத் தெரியும். அறிவிப்பை எழுதி நம்பர் வாங்கி வச்சவனுக்குத் தெரியும். தன் வரைபடத்துல தானே மை போட்டுட்டு, அதையே தங்கச்சாமிக்கு வித்தவன் அவன்தான்."

பெனிட்டோ ஜாப் கார்டிலிருந்து நிமிர்ந்தான். "பாறையை அளந்தது..."

"அன்பரசன். கிளிஞ்சல் எங்கன இருந்து வந்துச்சுன்னு இப்போ தெரியுதா? அந்த ஈயக்குண்டுக்கு அடியில குழி இருந்துச்சு. கொழுப்பு அப்பி வச்சிருந்தாரு. கடலடி மணல் ஒட்டிக்கிட்டு வரணும்னு அப்பி வைப்பாகளாம். அவரே சொன்னாரு, நீதான் டீ வாங்கப் போயிட்ட." அவள் செருப்பை மாட்டினாள். "தங்கச்சாமியை வாயடைச்சாச்சு. ஆனா அன்பரசன் கையால நம்பர் எழுதின ஒரிஜினல் தங்கச்சாமிகிட்ட இல்லை. படம் சுத்தம் பண்ணவன்கிட்ட இருக்கு. பாலகுரு இருக்கிற இடம் அந்த ஆளுக்குத் தெரியாத வரைக்கும்..."

அவள் நிறுத்தினாள். பெனிட்டோவின் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சூலக்கரையிலதான் யக்கா இருக்காரு. இங்கன வர முக்கா மணி நேரம் ஆகும்."

"சூலக்கரையில இருக்காருன்னு யாரு சொன்னா?"

"அவருதான்," என்றான் பெனிட்டோ. சொல்லி முடிக்கும்போதே பைக்கை உதைத்துவிட்டான்.

*

கம்பெனி வாசலில் அன்பரசனின் வெள்ளை வாடகைக் கார் நின்றது. பானெட்டைத் தொட்டான். சுட்டது.

வெடி கம்பெனியில் ஷெட்டுகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும், ஒன்று போனாலும் மற்றது மிஞ்ச வேண்டும் என்று. கிழக்கே கடைசி ஷெட்டு மருந்து கலக்கும் இடம். அதற்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தது. ஆணின் அலறல், நடுவில் அறுந்துபோனது.

பெனிட்டோ ஓடினான். ஓடுகிற ஓட்டத்திலும் கம்பெனி வாசலிலேயே செருப்பை உதறினான், சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மண்ணில் போட்டான். அவனுக்கே தெரியாமல் நடந்தது அது. அருணாதேவியும் அப்படியே செய்தாள். அந்த ஊரில் பிறந்த யாரும் மருந்து ஷெட்டுக்குள் இரும்போடும் செருப்போடும் போகமாட்டார்கள், உயிர் போகிற அவசரம் என்றாலும்.

உள்ளே பாலகுரு தரையில் கிடந்தான். ஒல்லி உடம்பு, கண்ணாடி உடைந்து மூக்கில் குத்தியிருந்தது. அவன் வலது கை ஒரு கல்மேல் இருந்தது. கட்டைவிரல் இருக்க வேண்டிய வாட்டத்தில் இல்லை. அன்பரசன் கயிற்றைக் கையில் சுற்றி ஈயக்குண்டைத் தூக்கி நின்றார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, ஆணி அடித்த பூட்ஸ்.

"இன்னும் நாலு விரல் அந்தக் கையில இருக்கு," என்று அவர் பாலகுருவிடம் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க வச்சிருக்கே?"

பெனிட்டோ பாய்ந்தான். குண்டு ஒரு வட்டம் போட்டு வந்து அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வலிக்கு முன்னால் கேட்டது. சுவரில் மோதி விழுந்தான்.

"சாக்கு," என்று முனகினான் பாலகுரு. "சாக்குக்கு அடியில. குடுத்துருதேன். அவுகளை அடிக்காதீக."

அன்பரசன் காலால் சாக்கைத் தள்ளினார். சுருட்டி, பாலித்தீன் சுற்றி, நூல் கட்டி வைத்திருந்தது ஒரிஜினல் வரைபடம்.

"இதை ஏன் கிழிச்சுப் போடலை?" அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

"பார்ட்டியோட ஒரிஜினலைத் திருப்பிக் குடுக்கணும் சார்," என்றான் பாலகுரு. "அதுதான் வழக்கம்."

அன்பரசன் சிரித்தார். குண்டைத் தரையில் விட்டார். ஒரு கையில் வரைபடத்தை விரித்தார், மறு கையைப் பைக்குள் விட்டார். வெளியே வந்த கையில் சிகரெட் லைட்டர் இருந்தது.

பெனிட்டோ தரையைப் பார்த்தான். பூட்டிப் பதினைந்து நாளாகக் கழுவாத தரை. மூலையெல்லாம் மருந்துத் தூள் வெள்ளியாக மினுங்கியது. சுவர் இடுக்கிலும் சாக்கின் மடிப்பிலும் அதே மினுக்கம். ஆணி பூட்ஸ் அதன்மேல்தான் நின்றது.

"சார்." வாசலில் நின்ற அருணாதேவியின் குரல் மிக மெதுவாக வந்தது. "அதைக் கிழிங்க. மென்னு முழுங்குங்க. காருல எடுத்துட்டுப் போங்க, நான் மறிக்க மாட்டேன். இங்கன எரிக்க மட்டும் செய்யாதீக."

"சாட்சியைக் காப்பாத்தப் பார்க்கிறீங்க."

"உங்களைக் காப்பாத்தப் பாக்குறேன்."

"இருபது வருஷம் கடல்ல இருந்தவன் நான். ஒரு தாளைக் கொளுத்த எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

அவர் இரண்டு கையும் வேலையாக இருந்தன. பெனிட்டோ முறியாத கையால் பாலகுருவின் காலைப் பிடித்து இழுத்தான். அருணாதேவி குனிந்து அக்குளில் கை கொடுத்தாள். மூன்று பேரும் வாசல்படியைத் தாண்டி உருண்டார்கள். லைட்டர் சொடுக்குகிற சத்தம் கேட்டது. அன்பரசன் அவர்களைத் துரத்தவில்லை. அவருக்கு வேண்டியது அந்த ஒரு தாள்தான்.

"ஓடு," என்றாள் அருணாதேவி.

ஷெட்டுகளுக்கு நடுவே இருந்த தடுப்புச் சுவருக்குப் பின்னால் விழுந்தபோது பெனிட்டோ திரும்பிப் பார்த்தான். வரைபடத்தின் ஒரு மூலை எரிந்துகொண்டிருந்தது. அன்பரசன் அதைச் சுட்டுவிரலாலும் கட்டைவிரலாலும் பிடித்து, விரல் சுடும்வரை பொறுத்து, கீழே போட்டார்.

முதலில் வெளிச்சம்தான் வந்தது. வெயிலையே நிழலாக்குகிற வெள்ளை. பிறகு சத்தம். கூரைத் தகரம் தாள்போல மடிந்து வானத்தில் ஏறியது. கல்லும் மண்ணும் அவர்கள் முதுகில் கொட்டின. ஒரு பூட்ஸ் வந்து பெனிட்டோவின் முகத்துக்கு முன்னால் விழுந்தது. அது காலியாக இல்லை.

இந்தமுறை நாலு இட்லியும் முடிவெடுத்துவிட்டன.

*

இன்ஸ்பெக்டரின் ஜீப்பும் ஆம்புலன்ஸும் வந்து சேர்ந்தபோது புகை இன்னும் அடங்கவில்லை. தூக்குச்சட்டியோடு ஓடிவந்த பாண்டிலட்சுமி சட்டியைப் போட்டுவிட்டுப் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சோறு மண்ணில் சிந்திக் கிடந்தது.

"சாட்சி எரிஞ்சு போச்சே யக்கா," என்றான் பெனிட்டோ. தோளைச் சேலைத்துண்டால் கட்டியிருந்தாள் அருணாதேவி. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"ஒரிஜினல்தான் எரிஞ்சுது. அன்பரசன் எழுதின நம்பர் அச்சுல ஏறி இருநூறு தாள்ல இருக்கு. ஜாப் கார்டும் இருக்கு." அவள் பாலகுரு பக்கம் திரும்பினாள். "மொத்தம் எத்தனை வெளிய போச்சு?"

"எண்பத்தெட்டு." அவன் குரல் தேய்ந்திருந்தது. "மிச்சம் ஆபீசுல கட்டா கிடக்கு. யக்கா, நான் என்ன தப்புச் செஞ்சேன்? தோணி முழுகுனதும் அண்ணாச்சி என்னைய ஒளிஞ்சிக்கோன்னு சொன்னாரு. ஏன்னு சொல்லலை. நான் படத்தைச் சுத்தம்தானே பண்ணேன்."

அருணாதேவி ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்த போலி வரைபடத்தை எடுத்து அவன் முன்னால் விரித்தாள்.

"இதுல ஊதாவா ஒண்ணு இருந்துச்சா?"

"ஆமா. மைத்தெறிப்பு. நல்ல நீலத்துல அசிங்கமா கிடந்துச்சு. சுத்தி வேற புள்ளிப் புள்ளியா. அரை நாள் ஆச்சு எடுக்க." சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "அது என்ன?"

"பாறை," என்றாள் அவள்.

பாலகுரு வரைபடத்தைப் பார்த்தான்.

"எத்தனை பேரு?"

"ஏழு."

பாண்டிலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். அருணாதேவி கம்பெனி வாசலுக்கு நடந்து, மண்ணில் கிடந்த போனை எடுத்து ஆணையத்தின் எச்சரிக்கை அறைக்குப் போட்டாள். கடலில் இருக்கிற அத்தனை தோணிக்கும் வயர்லெஸ்ஸில் சொல்லியாக வேண்டும். போலியில் 41 என்று இருக்கும், ஆனால் பாறை இருக்காது, அதை நம்பிப் போகாதீர்கள் என்று. எதிர்முனை எடுக்கக் காத்திருந்தாள். எண்பத்தெட்டில் ஒன்றுதான் முழுகியிருந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பாலகுரு பெனிட்டோவின் சட்டையைப் பிடித்தான்.

"தம்பி, பேனா இருக்கா?"

"இப்ப எதுக்குண்ணே? கை இருக்கிற இருப்புல?"

"இடது கை இருக்கு."

பெனிட்டோ பேனாவைக் கொடுத்தான். பாலகுரு வரைபடத்தை மார்பின்மேல் விரிக்கச் சொன்னான். ஒரே சீராகக் கிடந்த நீலத்தில், அளவுகோல் இல்லாமல், தேடாமல், பேனா முனையை நேராகக் கொண்டுபோய் ஓர் இடத்தில் வைத்தான். சிலுவை கோணலாக வந்தது. சுற்றிப் புள்ளி வைத்தான். ஒவ்வொன்றாக, ஒன்றுவிடாமல்.

"ஆபீசுல நூத்திப் பன்னெண்டு கிடக்கு," என்றான். "அதையும் கொண்டாரச் சொல்லு."